வீடியோ டாக்டரும் ஒரு லீவு லெட்டரும்: ஐந்துக்கு மூன்றரை

கர்ப்பத்தின் ஏழாவது வாரத்திலிருந்து பதின்மூன்றாவது வாரம் வரை இந்த வீடியோ ஆலோசனைச் செயலியை நான்கு முறை பயன்படுத்தினேன். ஆஃபீஸில் யாருக்கும் தெரியாமல் லீவு எடுக்க வேண்டும், அதற்கு டாக்டர் சான்றிதழ் வேண்டும், கிளினிக்கில் போய்க் காத்துக்கிடக்க உடம்பில் தெம்பில்லை. என் தேவை அவ்வளவுதான். செயலியின் பெயரைச் சொல்லவில்லை. கீழே வரும் குறைகளை எந்தச் செயலியிலும் எதிர்பார்க்கலாம்.

ஏன் மறைக்க வேண்டும் என்று கேட்பவர்களுக்கு: போன தடவை ஆறாவது வாரத்திலேயே சந்தோஷம் தாங்காமல் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். ஒன்பதாவது வாரத்தில் கலைந்துவிட்டது. திரும்ப வேலைக்குப் போன அன்று, விஷயம் தெரியாத ஒருவர் லிஃப்டில் சிரித்துக்கொண்டே "எத்தனையாவது மாசம்?" என்றார். இன்னும் ஏழு மாடி பாக்கி இருந்தது. கருச்சிதைவில் பெரும்பாலானவை முதல் 12 வாரத்துக்குள் நடப்பவை. அதைத் தாண்டும்வரை இந்த முறை வாயைத் திறப்பதில்லை என்று முடிவெடுத்துக்கொண்டேன்.

குமட்டல் இந்த முடிவையெல்லாம் மதிக்கவில்லை. பொதுவாக ஆறாவது வாரத்தை ஒட்டித் தொடங்கி, ஒன்பதாவது வாரத்தில் உச்சத்துக்குப் போகும். சரியாக ஒளிந்துகொள்ள வேண்டிய வாரங்களில்தான் அதன் ஆட்டம். மார்னிங் சிக்னஸ் என்று யார் பெயர் வைத்தார்களோ, எனக்கு மதியம் மூன்று மணிக்குத்தான் வந்தது. வாராந்திர மீட்டிங்கும் மூன்று மணிக்குத்தான்.

சரி, டாக்டரைப் பற்றி. இந்தச் செயலிக்கு நான் கொடுக்கும் மதிப்பெண்ணில் முக்கால்வாசி அவருக்குத்தான். பதினோரு நிமிடம் பேசினார். குடிக்கிற தண்ணீர் தங்குகிறதா, சிறுநீர் என்ன நிறம், எடை எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். வைட்டமின் பி6-உம் டாக்ஸிலமினும் சேர்ந்த மாத்திரையை எழுதிக் கொடுத்து, தூக்கம் வரும் என்று முன்கூட்டியே சொன்னார். வந்தது, கொஞ்சநஞ்சமில்லை. "ஒரு நாள் முழுக்கத் தண்ணிகூடத் தங்கலைன்னா என்னைக் கூப்பிட்டுட்டு இருக்காதீங்கம்மா, நேரா ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க" என்றார். தன் செயலியை மூடிவிட்டுப் போகச் சொல்லும் டாக்டரை நம்பலாம் என்று தோன்றியது.

பிறகு சான்றிதழ் வந்தது. அங்கேதான் சறுக்கல். இரண்டு நாள் ஓய்வு தேவை என்று ஒழுங்காகத்தான் எழுதியிருந்தது. ஆனால் தலைப்பில், லோகோவுக்குக் கீழே, 'மகளிர் நலம் மற்றும் மகப்பேறு'. நடுவில் ஒரு கட்டத்துக்குள் 'ஓ21.0'. கோப்பின் பெயரோ கர்ப்பகால ஆலோசனை, தேதியோடு. ஆஃபீஸ் லீவு தளத்தில் அதை ஏற்றப் போன விரலைக் கடைசி நொடியில் இழுத்துக்கொண்டேன். அந்த ஓ21.0 என்பது உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-10 பட்டியலில் உள்ள நோய்க் குறியீடு. அந்தப் பட்டியலில் ஓ எழுத்தில் தொடங்குவது எல்லாமே கர்ப்பம், பிரசவம் சம்பந்தப்பட்டதுதான். இணையத்தில் தேடத் தெரிந்த எந்த எச்.ஆர். ஆளுக்கும் அரை நிமிட வேலை.

மாற்றித் தரச் சொன்னால் முதலில் ஒரு சாட்பாட் மூன்று முறை வாழ்த்துச் சொன்னது. அப்புறம் ஒரு மனிதர் வந்தார். எல்லாம் முடிய இரண்டு மணி நேரம். இரண்டாவது முறையிலிருந்து நானே உஷாராகி, ஆலோசனை தொடங்கும்போதே "சான்றிதழில் நோயின் பெயரும் குறியீடும் வேண்டாம், பொதுத் தலைப்பில் கொடுங்க" என்று கேட்டுவிடுவேன். மறுக்காமல் கொடுத்தார்கள். கேட்காதவர்களுக்கு மட்டும் ஏன் பழைய வடிவமே போகிறது என்று புரியவில்லை.

ஒரு விஷயம் ஒத்துக்கொள்கிறேன். வயிற்றுப்போக்கு என்று போட்டுத் தர முடியுமா என்று டாக்டரிடம் கேட்டேன். "குறைச்சு எழுதுவேன், பொய்யா எழுத மாட்டேன்" என்றார். காரணமும் சொன்னார். முழு விவரம் அவருடைய பதிவில் தேதியோடு இருக்கும். கர்ப்பத்துக்காக வேலையை விட்டு நீக்கக் கூடாது என்று பல நாடுகளில் சட்டம் இருக்கிறது, 2000-இல் வந்த சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 183-ஆவது உடன்படிக்கையும் அதையே சொல்கிறது. நாளைக்கு இந்த லீவுகளை வைத்து யாராவது பிரச்சினை செய்தால், இவை கர்ப்பத்தால் எடுத்தவை என்று தனியாகக் கடிதம் தர அவரால் முடியும். நான் கொடுத்த காகிதத்தில் வயிற்றுப்போக்கு என்று இருந்தால் அந்தக் கடிதத்தை யார் நம்புவார்கள்? ரசாயனம், கதிர்வீச்சு, பாரம் தூக்குவது மாதிரி வேலை என்றால் மறைக்கவே வேண்டாம், சீக்கிரம் சொல்லிவிடுங்கள் என்றும் சொன்னார். என் வேலை எக்செல் ஷீட்டோடு என்பதால் தப்பித்தேன்.

பொய் வேண்டாம் என்பதை நான் கொஞ்சம் தாமதமாகத்தான் கேட்டேன். முதல் லீவுக்கே மேனேஜரிடம் "வயிறு சரியில்லை சார்" என்று சொல்லியாகிவிட்டது. மூன்றாவது லீவுக்குள் அவர் அல்சர் என்று முடிவே கட்டிவிட்டார். கேமரா விட்டுப் பார்த்துவிடுங்கள் என்று பாசமாக ஒரு டாக்டர் நம்பர் வேறு அனுப்பினார்.

இந்தச் செயலியின் மிகப் பெரிய குறை அறிவிப்புகள். நான் கேட்காமலேயே வாரா வாரம் செய்தி அனுப்பும். ஒரு மீட்டிங்கில் போன் மேசைமேல் கிடக்க, பூட்டிய திரையிலேயே '9ஆவது வாரம்: உங்கள் குழந்தை' என்று ஒளிர்ந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் பேசிக்கொண்டிருந்தவரைப் பார்த்தபடியே கையை நீட்டி என் போனைக் கவிழ்த்து வைத்தாள். அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அறிவிப்பை நிறுத்தும் பொத்தான் அமைப்புகள், கணக்கு, என் பயணம் என்று மூன்று அடுக்குக்குள் இருக்கிறது. செயலியை இறக்கியதும் முதல் வேலையாக அதை அணைத்துவிடுங்கள். பதிவு செய்யும்போது ஆஃபீஸ் மின்னஞ்சலைக் கொடுக்காதீர்கள். ஆஃபீஸ் எடுத்துக் கொடுத்த காப்பீட்டில் செலவைக் கோருவதற்கு முன், அதன் விவரக் கடிதம் எந்த முகவரிக்குப் போகும் என்று விசாரியுங்கள். நான் யோசித்துப் பார்த்துவிட்டுக் கைக்காசையே கொடுத்தேன்.

டாக்டருக்கு ஐந்துக்கு ஐந்து. சான்றிதழுக்கும் அறிவிப்புக்கும் சேர்த்து இரண்டு தருவதே தாராளம்.

பதினான்காவது வாரம் ஸ்கேன் எல்லாம் பார்த்துவிட்டு மேனேஜரிடம் சொன்னேன். வாழ்த்தினார், கையைக் குலுக்கினார், அரை நிமிடம் யோசித்துவிட்டுக் கேட்டார்: "அப்போ அந்த அல்சர்?"