புரோவேன்: இரண்டு மணி நேரம் போதாது

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் உள்ள ஒரு பயண முகவரின் ஏற்பாட்டில், பாரிசுக்குத் தென்கிழக்கே ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவில் உள்ள புரோவேன் என்னும் சிற்றூருக்கு என் தாயாருடன் சென்று வந்தேன். 12, 13ஆம் நூற்றாண்டுகளில் ஷாம்பெயின் வட்டாரச் சந்தைகளால் செழித்து, 2001இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்ற இவ்வூரின் மதில்களை ஒட்டி நடக்கையில், இத்தாலிய வணிகர்களும் பிளாண்டர்ஸ் துணி வியாபாரிகளும் வண்டிகளோடு உள்ளே நுழைந்த காலம் மனக்கண்ணில் விரிந்தது. சதுர அடித்தளத்தின்மேல் எண்கோணமாக எழும் சீசர் கோபுரத்தின் குறுகலான கற்படிகளை அம்மா என் தோளைப் பற்றியபடியே ஏறி முடித்தார். உச்சியிலிருந்து ஓட்டுக் கூரைகளுக்கு அப்பால் தெரிந்த வயல்வெளியை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ரோஜாவுக்குப் பெயர்பெற்ற இவ்வூரில் ரோஜா இதழ்ப் பாகைச் சுவைத்ததும், “நம்ம குல்கந்து மாதிரியே இருக்கேய்யா!” என்று மகிழ்ந்தார்.

முகவர்மீது எனக்கு மனக்குறை உண்டு. இரண்டே மணி நேரம் ஒதுக்கியதால், நிலத்தடிச் சுரங்க அறைகளைப் பார்க்க இயலவில்லை. மேல்நகரம் மேட்டில் இருப்பதையும் முன்கூட்டியே சொல்லவில்லை. பெரியவர்களை அழைத்துச் செல்வோர், பாரிசின் கிழக்கு ரயில் நிலையத்திலிருந்து சுமார் ஒன்றரை மணி நேரத்தில் தாமாகவே சென்று, முழுநாளும் தங்குவதே நல்லது.