டிஜிபி நாற்காலி: யுபிஎஸ்சி பட்டியலா, மாநிலத்தின் சொந்தக் குழுவா?

காவல்துறைச் சீர்திருத்தம் கோரிய பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2006-இல் சொன்ன முறைப்படி, யுபிஎஸ்சி (மத்திய அரசுப் பணியாளர் தேர்வாணையம்) மூன்று மூத்த காவல் அதிகாரிகளைத் தேர்ந்து தரும். அவர்களில் ஒருவரை மாநில அரசு டிஜிபி, அதாவது மாநிலக் காவல்துறைத் தலைவர் ஆக்க வேண்டும். பதவிக்காலம் குறைந்தது இரண்டு ஆண்டுகள். ஆளுங்கட்சிக்கு வேண்டியவர் பட்டியலில் இல்லையென்றால் ஒன்றும் செய்ய முடியாது. இந்த முறையின் பலமே அதுதான்.

உத்தரப் பிரதேசம் 2024 நவம்பரில் வேறு வழி பிடித்தது. ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் மாநிலமே குழு அமைக்கும். யுபிஎஸ்சி சார்பில் ஒருவர் உண்டு, ஆனால் தலைமைச் செயலாளரும் உள்துறைச் செயலாளரும் அதே மேசையில் இருப்பார்கள். இதிலும் இரண்டு ஆண்டுகள்தான். 'சட்டம் ஒழுங்கு எங்கள் பொறுப்பு, தலைவரை டெல்லி ஏன் வடிகட்ட வேண்டும்?' என்ற மாநிலங்களின் கேள்வியில் நியாயம் இருக்கிறது. யுபிஎஸ்சி குழுவில் மத்திய உள்துறைக்கும் இடம் உண்டே.

இருந்தாலும் என் ஓட்டு யுபிஎஸ்சி பட்டியலுக்குத்தான். குழுவில் யார் என்பதை அரசே முடிவு செய்தால், முடிவும் பெரும்பாலும் அங்கேயே தயாராகிவிடும்.

சரி, நடைமுறையில்? இரண்டையும் தாண்டி மூன்றாவதாக ஒரு குறுக்குவழி இருக்கிறது: 'பொறுப்பு டிஜிபி', அதாவது முறையான நியமனம் இல்லாமல் தற்காலிகமாக ஒருவரை அமர்த்துவது. 2018-இல் நீதிமன்றம் இதைத் தடுத்தது. ஆனாலும் 2025 ஆகஸ்ட் இறுதியில் தமிழ்நாடு டிஜிபி சங்கர் ஜிவால் ஓய்வுபெற்றபோது, ஜி.வெங்கட்ராமன் அப்படித்தான் பொறுப்பேற்றார்.