சான் செபஸ்டியானா, வலென்சியாவா? சாப்பாட்டுக்காகவே போகிறவர்களுக்கு

ஸ்பெயினில் ஒரு கடற்கரை ஊர், மூன்று நாள், முக்கிய வேலை சாப்பிடுவது. தேடித் தேடிக் கழித்தபின் எனக்கு மிஞ்சியவை இரண்டு: வடக்கே பாஸ்க் பகுதியின் சான் செபஸ்டியான், கிழக்கே வலென்சியா. போனது சான் செபஸ்டியானுக்கு. வலென்சியாவில் வேறு வேலையாகப் போனபோது சாப்பிட்டதுதான். அந்த ஊரைப் பற்றி நான் சொல்வதைக் கொஞ்சம் கழித்தே எடுத்துக்கொள்ளுங்கள்.

வெயில் வேண்டுமென்றால் வலென்சியா. வடக்கே கோடையிலும் குடை தேவைப்படும். தங்குமிடம் வலென்சியாவில் மலிவு. மத்ரித்திலிருந்து அதிவேக ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். சான் செபஸ்டியானுக்குப் பலரும் பில்பாவோ விமான நிலையத்தில் இறங்கி, ஒன்றேகால் மணி நேரம் பேருந்தில் போகிறார்கள்.

என்னைத் தீர்மானிக்க வைத்தது வேறு: ஒரு கடை சரியில்லாமல் போனால் எவ்வளவு இழப்பு?

வலென்சியாவின் பெருமை பாயெல்யா என்ற அகன்ற சட்டிச் சோறு. கோழி, முயல், தட்டைப் பச்சை பீன்ஸ், கரோஃபோ என்ற பெரிய வெள்ளை அவரை. அடியில் பிடித்த சொக்கராட் நம் பானைக் காந்தலின் பணக்கார உறவு. ஆனால் ஊர்க்காரர்களுக்கு அது மதியச் சாப்பாடு. பெரும்பாலும் இரண்டு பேருக்குக் குறைந்து போடமாட்டார்கள்; தனியாகப் போகிறவர் பாடு திண்டாட்டம். அல்புஃபேரா ஏரிப் பக்கம் எல் பல்மாருக்குப் போய்ச் சாப்பிட்டால் அரை நாள் சரி. வந்திறங்கும் நாளைக் கழித்தால் கையில் இரண்டு மதியம்தான். அதில் ஒன்று சொதப்பினால் பாதிப் பயணம் போச்சு.

சான் செபஸ்டியானின் பழைய நகரத்தில் ஒரு பின்ச்சோ (பாரில் நின்றபடி சாப்பிடும் சிறு தீனி) ஏமாற்றினால் போவது சில யூரோ, பத்து நிமிடம். அடுத்த கடை நாலு எட்டில். ஒரு கடையில் ஒன்றோ இரண்டோ, ஒரு சிறு கிளாஸ் சாக்கோலி என்ற உள்ளூர் வெள்ளை ஒயின், நகர்ந்துவிட வேண்டும். முதலில் கில்டா: ஆலிவ், ஊறவைத்த பச்சை மிளகாய், உப்பிட்ட நெத்திலி, எல்லாம் ஒரே குச்சியில். கவுன்டரில் அடுக்கியிருப்பதைப் பார்த்து மயங்காதீர்கள். பலகையில் எழுதியிருக்கும் சூடான அயிட்டங்களைக் கேளுங்கள், சமையல்காரரின் கை அங்கேதான் தெரியும். கடைசியில் லா வீன்யாவின் மேல் கருகிய சீஸ்கேக். அந்தக் கடை இருக்கும் ‘ஆகஸ்ட் 31’ தெருவின் பெயர், 1813-இல் ஊர் எரிந்த நாள். பெரும்பாலும் தப்பியது அந்தத் தெருதான். கூட்டம் சலித்தால் உருமேயா ஆற்றைக் கடந்து கிரோஸ் பக்கம் போகலாம். ஜனவரி பிற்பாதியிலிருந்து ஏப்ரல் வரை போகிறவர்கள், பக்கத்து அஸ்திகர்ராகாவில் பீப்பாயிலிருந்து நேரே பிடித்துக் குடிக்கும் ஆப்பிள் சைடருக்கு ஒரு வேளை ஒதுக்கலாம்.

சைவம் என்றால் என் ஓட்டு வலென்சியாவுக்கு. சான் செபஸ்டியானில் காளான், குடைமிளகாய், முட்டை ஆம்லெட் தாண்டினால் நெத்திலியோ ஹாமோ எங்காவது எட்டிப்பார்க்கும். வலென்சியாவில் காய்கறி பாயெல்யா உண்டு. சுஃபா கிழங்கிலிருந்து எடுக்கும் ஓர்சாத்தா பாலே இல்லாத பானம். 1928-இல் திறந்த மத்தியச் சந்தையில் பழம் பார்த்தே வயிறு நிறையும், ஞாயிறு மட்டும் மூடியிருக்கும்.

சான் செபஸ்டியானுக்கு நாள் குறிப்பவர்கள் வியாழன் போய் ஞாயிறு மதியம் கிளம்புங்கள். ஞாயிறு இரவும் திங்களும் நல்ல கடைகள் பல மூடிக்கிடக்கும். மற்ற நாட்களிலும் மாலை நாலிலிருந்து ஏழு வரை பல அடுப்படிகள் ஓய்வு.