இந்தியாவில் தயாரான ஐபோன் 16: விலையும் தொழிற்கொள்கையும்

சில மாதங்களாக நான் பயன்படுத்தி வரும் ஐபோன் 16இன் பெட்டியில், அது இந்தியாவில் தயாரானது என்ற குறிப்பு சிறிய எழுத்தில் இருக்கிறது. கைபேசி என்ற அளவில் குறை சொல்ல அதிகம் இல்லை. எடை 170 கிராம், திரை 6.1 அங்குலம்; ஏ18 சிப் எந்தச் செயலியிலும் திணறவில்லை; 48 மெகாபிக்சல் கேமரா மங்கலான விளக்கொளியிலும் தெளிவாகப் படம் எடுக்கிறது. இந்த விலைக்குத் திரை 60 ஹெர்ட்ஸிலேயே, அதாவது நொடிக்கு 60 முறை படத்தைப் புதுப்பிக்கும் வேகத்திலேயே, நிற்பதுதான் ஏமாற்றம். அலுமினியச் சட்டமும் கண்ணாடியும் சேரும் விளிம்பில் நகத்தை வைத்து இழுத்துப் பார்த்தேன், எங்கும் தடுக்கவில்லை. இந்திய ஆலையில் பொருத்தியது என்றால் தரம் ஒரு படி குறைவாகத்தான் இருக்கும் என்று கடைகளில் இன்றும் கேட்கும் பேச்சுக்கு, என் கையில் உள்ள கருவியில் ஆதாரம் ஏதும் இல்லை.

இப்படிப்பட்ட ஒரு பொருள் இங்கே உருவாகச் சந்தை மட்டுமே காரணம் அல்ல. 2019 செப்டம்பரில் புதிய உற்பத்தி நிறுவனங்களுக்கான வருமான வரியை மத்திய அரசு 15 விழுக்காடாகக் குறைத்தது. 2020 ஏப்ரலில், ஏறத்தாழ 41,000 கோடி ரூபாய் ஒதுக்கீட்டில், மின்னணுத் துறைக்கான உற்பத்தி சார்ந்த ஊக்கத்தொகைத் திட்டத்தை அறிவித்தது. அடிப்படை ஆண்டைவிடக் கூடுதலாக விற்கும் தொகையில் 4 முதல் 6 விழுக்காடு வரை நிறுவனங்களுக்குக் கிடைக்கும் என்பது அதன் சாரம். மக்கள் கையில் பணம் கொடுத்து வாங்கச் செய்யாமல், உற்பத்தியாளரின் செலவையும் தயக்கத்தையும் குறைத்துப் பொருளின் வரத்தைப் பெருக்கும் இந்த அணுகுமுறையைத்தான் பொருளியலாளர்கள் அளிப்புத் தரப்புக் கொள்கை என்கிறார்கள்.

2014 நவம்பரில் நோக்கியா ஆலை உற்பத்தியை நிறுத்தியபோது ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தனர். அதே வட்டாரம் இன்று நாட்டின் முக்கியமான ஏற்றுமதி மையங்களில் ஒன்று. 2024-25இல் இந்தியாவின் கைபேசி ஏற்றுமதி சுமார் 2 லட்சம் கோடி ரூபாயைத் தொட்டது. இது சிறிய மாற்றம் அல்ல.

ஆனால் உள்நாட்டில் வாங்குபவருக்கு என்ன கிடைத்தது என்பதை விலைப்பட்டியலை வைத்தே சோதிக்கலாம். 2024 செப்டம்பரில் வெளியானபோது ஐபோன் 16இன் தொடக்க விலை இந்தியாவில் 79,900 ரூபாய். அமெரிக்காவில் விற்பனை வரி சேராமல் 799 டாலர். நம் விலையிலிருந்து 18 விழுக்காடு ஜிஎஸ்டியைக் கழித்தால் மிஞ்சுவது சுமார் 67,700 ரூபாய். டாலருக்கு 84 ரூபாய் என்று வைத்தால் அமெரிக்க விலை சுமார் 67,100. ஆக, இடைவெளி ஏறக்குறைய முழுவதும் ஜிஎஸ்டிதான். தொழிலுக்காக வாங்கி, கட்டிய ஜிஎஸ்டியைத் தாம் செலுத்த வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளும் உள்ளீட்டு வரி வரவு பெறத் தகுதியுள்ளவர்களுக்கு இது நியாயமான விலை என்று தயங்காமல் சொல்வேன்.

முழுதாக இறக்குமதியாகி வந்த புரோ வகையின் கதை வேறு. 2023இல் ஐபோன் 15 புரோ இங்கே 1,34,900 ரூபாய். அமெரிக்காவில் 999 டாலர். ஜிஎஸ்டியை நீக்கிய பிறகும் 30,000 ரூபாய்க்கு மேல் வித்தியாசம் இருந்தது. 2024 ஜூலை பட்ஜெட்டில் அடிப்படைச் சுங்கவரி 20இலிருந்து 15 விழுக்காடாகக் குறைந்தது. அடுத்து வந்த 16 புரோ 1,19,900 ரூபாய்க்கு விற்பனையானது. இடைவெளியும் 18,000 ரூபாய்க்குள் சுருங்கியது. விலை நிர்ணயத்தில் வேறு காரணங்களும் இருக்கும் என்றாலும், சுங்கச் சுவர் என்ற பெயரில் தொழிலைக் காப்பதன் செலவை வாங்குபவரே சுமக்கிறார் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை. ஊக்கத்தொகையின் செலவு பட்ஜெட்டில் எண்ணாகத் தெரியும், அதைப் பற்றி நாடாளுமன்றத்தில் கேள்வி எழுப்ப முடியும். சுங்கவரியின் செலவோ கடை விலைக்குள் கரைந்துவிடும். அதனால் இவ்விரண்டையும் ஒரே திட்டத்தின் இரு பகுதிகளாகப் பாராட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

உற்பத்தியைப் பெருக்குவது வரிச்சலுகை மட்டும் அல்ல. கைபேசி பொருத்தும் வரிசைகளில் நிற்பவர்களில் பெரும்பாலோர் வெளியூர்களிலிருந்து வரும் இளம்பெண்கள். 2021 டிசம்பரில் விடுதி உணவால் பலர் நோயுற்று, தொழிலாளர்கள் சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையில் மறியல் செய்த பிறகுதான் அவர்களின் இருப்பிடம் பொதுப் பேச்சுக்கு வந்தது. 2024 ஆகஸ்டில் ஸ்ரீபெரும்புதூர் அருகே வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் விடுதியைத் தமிழ்நாடு அரசின் தொழில் வளர்ச்சி நிறுவனமான சிப்காட் கட்டித் திறந்தது. ஒரு பெண் தன் ஊரைவிட்டு வந்து பாதுகாப்பாகத் தங்கி வேலை செய்ய முடிந்தால்தான் அந்த உழைப்பு ஆலையை வந்தடையும். என் பார்வையில் இந்தக் கொள்கைகளுள் மிக உருப்படியானது இந்த விடுதிதான்.

உற்பத்தி சார்ந்த ஊக்கத்தொகைத் திட்டத்தின் பெரிய குறை அதன் அளவுகோலில் இருக்கிறது. ஊக்கத்தொகை விற்பனைத் தொகையைப் பார்த்துத் தரப்படுகிறது. இங்கே கூடிய மதிப்பைப் பார்த்து அல்ல. என் கைபேசியின் சிப் தைவான் நிறுவனம் தயாரித்தது, கேமராவின் உணரி ஜப்பான் நிறுவனத்துடையது. ஏற்றுமதியில் வரும் டாலரில் கணிசமான பகுதி உதிரிபாகங்களுக்காகவே வெளியே போகிறது. 2025 மார்ச்சில் 22,919 கோடி ரூபாய் மதிப்பில் ஒப்புதல் பெற்ற மின்னணு உதிரிபாக உற்பத்தித் திட்டம் இந்த இடத்தைக் குறிவைக்கிறது. அதில் ஊக்கத்தொகையின் ஒரு பகுதி வேலைவாய்ப்போடு இணைக்கப்பட்டிருப்பது வரவேற்கத்தக்கது. பலஅடுக்கு மின்சுற்றுப் பலகையும் கேமராத் தொகுதியும் இந்திய ஆலைகளிலிருந்து எந்த அளவுக்கு வருகின்றன என்பதை அடுத்த தலைமுறைக் கருவியை வாங்கும்போது முதலில் விசாரிப்பேன்.