எல்டிஸ்பைஸும் மல்டிமீட்டரும்: நெடுநாள் பயன்பாட்டு அனுபவம்

பல ஆண்டுகளாக எந்த சர்க்யூட் போட்டாலும் நோட்டில் மூன்று மதிப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைக்கிறேன்: கணக்கிட்டது, சிமுலேஷனில் வந்தது, அளந்தது. சிமுலேஷனுக்கு எல்டிஸ்பைஸ் (சர்க்யூட்டைக் கணினியிலேயே ஓட்டிப் பார்க்கும் மென்பொருள்), அளக்க ஒரு சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர். எல்டிஸ்பைஸ் இலவசம், வேகமானது. தயங்காமல் பரிந்துரைப்பேன். ஆனால் அது தரும் விடையைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

10 வோல்ட்டை இரண்டு 1 மெகா ஓம் ரெசிஸ்டர்களால் பாதியாக்குகிறோம் என்று வையுங்கள். கணக்கில் 5 வோல்ட், சிமுலேஷனிலும் 5. கீழ் ரெசிஸ்டரின் மேல் மீட்டரை வைத்தால் 4.76 காட்டும். ரெசிஸ்டர்கள் சரியாகத்தான் இருக்கின்றன. பெரும்பாலான டிஜிட்டல் மீட்டர்களின் உள்தடை 10 மெகா ஓம். அது பக்க இணைப்பில் சேர்ந்ததும் கீழ்த்தடை 0.909 மெகா ஓமாகக் குறைந்துவிடுகிறது. அந்த 10 மெகா ஓமை சிமுலேஷனிலும் வரைந்து பாருங்கள், அங்கேயும் 4.76 வரும். மீட்டரையும் சர்க்யூட்டில் ஒரு பாகமாக வரைவதுதான் நான் கற்றதிலேயே பயனுள்ள பழக்கம். ஆசிலோஸ்கோப் புரோப்புக்கும் இதே கதைதான். அங்கே கெப்பாசிட்டன்ஸும் சேரும்.

இதே சர்க்யூட்டில் இன்னொரு பொறியும் உண்டு. எல்டிஸ்பைஸில் சிறிய எழுத்து, பெரிய எழுத்து வேறுபாடு கிடையாது. எம் என்றாலே மில்லி. மெகாவுக்கு எம், இ, ஜி மூன்றையும் அடிக்க வேண்டும். இரண்டு ரெசிஸ்டருக்கும் வெறும் எம் போட்டாலும் விடை அதே அழகான 5 வோல்ட்தான்! மின்னோட்டத்தைப் பார்த்தால்தான் 5000 ஆம்பியர் ஓடுவது தெரியும். அதனால் வோல்டேஜோடு நிறுத்தாமல் மின்னோட்டத்தையும் ஒப்பிட்டுவிடுங்கள்.

கணக்கும் சிமுலேஷனும் ஒத்துப்போனால் சர்க்யூட் சரி என்று பலர் நிம்மதியாகிவிடுகிறார்கள். இரண்டுமே ஒரே குறையற்ற பாகங்களைத்தான் நம்பியிருக்கின்றன. 1 கிலோ ஓம், 100 நானோ ஃபாரட் ஃபில்டரின் கட்ஆஃப் (சிக்னலை வெட்டத் தொடங்கும் அதிர்வெண்) கணக்குப்படி 1.59 கிலோ ஹெர்ட்ஸ். கெப்பாசிட்டரின் டாலரன்ஸ் (குறித்த மதிப்பிலிருந்து விலகக்கூடிய அளவு) 10 சதவீதம் என்றால் 1.45 முதல் 1.77 வரை எதுவும் நியாயமான அளவீடே. பாகத்தைத் தனியாக அளந்து, அந்த மதிப்பை சிமுலேஷனில் போட்டால் இடைவெளி பெரும்பாலும் சுருங்கிவிடும். டிரான்சிஸ்டரில் இது இன்னும் முக்கியம்: பிசி547பி-யின் கெயின் (மின்னோட்டத்தை எத்தனை மடங்கு பெருக்குகிறது என்பது) 200 முதல் 450 வரை இருக்கலாம், சிமுலேஷன் மாடலில் இருப்பதோ ஒரே ஒரு எண். அங்கே நான் ஒரு தடவை ஓட்டி நிறுத்துவதில்லை. கெயினை இரு எல்லைகளிலும் மாற்றி ஓட்டி, அளந்த மதிப்பு நடுவில் விழுகிறதா என்று பார்க்கிறேன். வெளியே விழுந்தால் முதலில் பயாஸ் ரெசிஸ்டர்களை (டிரான்சிஸ்டரின் இயங்குநிலையை நிர்ணயிப்பவை) அளப்பேன், பிறகு சால்டரிங்கைப் பார்ப்பேன்.