ஊட்டி அரசுக் கல்லூரியா, கோவை தனியார் கல்லூரியா?

பிளஸ் டூ முடித்த பிள்ளையை மலையிலேயே படிக்க வைப்பதா, கோவைக்கு அனுப்புவதா? நீலகிரியில் மே மாதம் வந்தால் வீட்டுக்கு வீடு இதே பேச்சுதான். கோத்தகிரிப் பக்கம் சிறு தேயிலைத் தோட்டம் வைத்திருக்கும் நாங்களும் இதை யோசித்து, மகளை ஊட்டி அரசு கலைக் கல்லூரியில் பி.காம். சேர்த்தோம். என் சாய்வு எந்தப் பக்கம் என்பது இப்போதே தெரிந்திருக்கும்.

கோவையின் பலம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். நிறையக் கல்லூரிகள், நிறையப் பாடப்பிரிவுகள், கேம்பஸ் இன்டர்வியூ. ஆனால் ஊட்டிக் கல்லூரிக்கும் பட்டம் கொடுப்பது பாரதியார் பல்கலைக்கழகம்தான், கோவையின் பல தனியார் கல்லூரிகளுக்கும் அதே பல்கலைக்கழகம்தான்.

அரசுக் கலைக் கல்லூரிகளில் இளநிலைப் படிப்புக்குக் கல்விக் கட்டணத்தை 2007இல் நீக்கினார்கள். தேர்வுக் கட்டணம், சிறப்புக் கட்டணம் என்று மிஞ்சுவது சமாளிக்கக் கூடியதுதான். நாங்கள் விசாரித்த தனியார் கல்லூரியில் விடுதியோடு சேர்த்து வருடத்துக்கு ஒன்றரை லட்சத்தை நெருங்கியது. தொகை பெரிதுதான். அதைவிட, அதைக் கட்டச் சொல்லும் மாதங்கள்தான் எங்களைப் பயமுறுத்தின.

அங்கே செமஸ்டருக்கு ஒரு முறை, ஜூனிலும் டிசம்பரிலும், மொத்தமாகக் கட்ட வேண்டும். பச்சைத் தேயிலைக்கான பணமோ ஃபேக்டரியிலிருந்து மாதாமாதம் வருவது. டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழுந்தால் கொழுந்து கருகிவிடும். அப்புறம் கோடை மழை வரும்வரை இலை சொற்பம். மே, ஜூனில் இலை நிறைய வரும், ஆனால் அப்போதுதான் ஃபேக்டரிகள் ஆளுக்கு இவ்வளவு இலைதான் எடுப்போம் என்று கோட்டா போடும், விலையும் இறங்கும். இரண்டு தவணையும் கையில் காசு இல்லாத நேரத்தில்தான் வந்து நிற்கும். முதல் வருடம் நகையை அடகு வைத்துக் கட்டிவிடலாம். மூன்றாம் வருடம் எதை வைப்பது? இரண்டாம் வருடத்தோடு நின்றுபோன பிள்ளைகள் எங்கள் பக்கத்தில் உண்டு. கட்டிய பணமும் போனது, பட்டமும் கைக்கு வரவில்லை.

கல்விக் கடன் இருக்கிறதே என்பார்கள். 4 லட்சம் வரை சொத்து ஜாமீன் கேட்க மாட்டார்கள், சரி. ஆனால் படிக்கும் காலத்திலேயே வட்டி ஏற ஆரம்பித்துவிடும். பி.காம். முடித்த பிள்ளையின் முதல் சம்பளத்தின் மேல் அந்தச் சுமையை ஏற்ற எனக்கு மனம் வரவில்லை.

அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் 2022 முதல் கிடைக்கிறது. பையன்களுக்கு 2024இல் தமிழ்ப் புதல்வன் வந்தது. தனியார் கல்லூரியில் சேர்ந்தாலும் இது உண்டு. ஆனால் கோவை விடுதியின் மெஸ் பில்லில் அந்த ஆயிரம் போன இடம் தெரியாது. வீட்டிலிருந்து இலவச பஸ் பாஸில் போய்வரும் என் மகளுக்குப் புத்தகம், தேர்வுக் கட்டணம், கைச்செலவு எல்லாம் அதிலேயே நடக்கிறது. அரசு கொடுக்கும் காசு முழுசாகப் படிப்புக்கே போய்ச் சேர்வதைக் கண்ணால் பார்க்கிறேன்.

சிரமமும் இருக்கிறது. கோத்தகிரியிலிருந்து ஊட்டி சுமார் 30 கிலோமீட்டர். ஜூலை மழையில் சாலையில் மரம் விழுந்தால் அன்றைய வகுப்பு போச்சு. அப்புறம், தமிழ்நாடு முழுக்கவே அரசுக் கல்லூரிகள் குறைந்த சம்பளத்தில் வேலை பார்க்கும் கௌரவ விரிவுரையாளர்களைப் பெரிதும் நம்பி நடக்கின்றன. கட்டணத்தை நீக்கிய அரசு நிரந்தர ஆசிரியர்களையும் போட்டே ஆக வேண்டும். வேலைவாய்ப்பைப் பற்றி நான் உறுதியாகப் பேச முடியாது. மகள் இப்போது இரண்டாம் வருடம்தான்.

எல்லோருக்கும் இதே கணக்கு ஒத்துவராது. பந்தலூர்ப் பக்கத்துப் பிள்ளை தினமும் ஊட்டிக்கு வந்துபோவது நடக்காத காரியம். அவர்கள் முதலில் கூடலூர் அரசுக் கல்லூரியைப் பார்க்கலாம். அரசுப் பள்ளிப் பிள்ளைக்கு 7.5 சதவீத ஒதுக்கீட்டில் இன்ஜினியரிங் இடம் கிடைத்தால் யோசிக்காமல் கீழே அனுப்புங்கள். கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே ஏற்கிறது. கலை, அறிவியல் பட்டத்துக்கு அந்த வசதி இல்லை.

கோவைதான் என்று முடிவு செய்தவர்களும் அரசுக் கல்லூரிக்கு ஒரு விண்ணப்பம் போட்டு வையுங்கள். இணையத்திலேயே போடலாம். எங்களுக்கு ஆன செலவு 50 ரூபாய்.