ஃபுட்டி ஜாம்பவான்களின் டிவி பேட்டிகள்: பல வருடம் பார்த்தவன் சொல்வது

மெல்போர்னில் வேலைக்குச் சேர்பவர்களுக்கு ஒரு விஷயம் சீக்கிரமே புரிந்துவிடும், குளிர்காலம் முழுக்க திங்கட்கிழமை காலையில் ஃபுட்டியை, அதாவது ஆஸ்திரேலிய பாணிக் கால்பந்தைத் தவிர வேறு பேச்சே கிடையாது. எனக்கு அந்த ஆட்டம் பிடிபட்டது மேட்ச் பார்த்து அல்ல, ஓய்வு பெற்ற பழைய ஆட்டக்காரர்களின் டிவி பேட்டிகளைப் பார்த்துத்தான். அது ஒரு பழக்கமாகி பல வருடம் ஓடிவிட்டது. ஒருவரின் பேட்டியைப் பார்ப்பேன், அப்புறம் அவர் ஆடிய மேட்சைத் தேடுவேன், அப்புறம் எதிரணியில் இருந்தவர் அதே மேட்சைப் பற்றி என்ன சொல்கிறார் என்று தேடுவேன். இவ்வளவு நாள் பார்த்தபின் என் கருத்து இதுதான்: யார் பெரிய ஆட்டக்காரர் என்று ஒப்பிட இந்தப் பேட்டிகளை மட்டும் நம்பக்கூடாது, நம்பினால் நன்றாகப் பேசுகிறவர்தான் ஒவ்வொரு முறையும் ஜெயிப்பார். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பது இங்கே அப்படியே பொருந்துகிறது. ஆனால் இந்த ஆட்டம் எப்படி மாறிவந்தது என்று தெரிந்துகொள்ள இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு ரெண்டு வரி. முட்டை வடிவப் பந்து, முட்டை வடிவ மைதானம், பக்கத்துக்கு 18 பேர், இரு முனையிலும் நான்கு நான்கு கம்பங்கள். நடுக் கம்பங்களுக்கு இடையே உதைத்தால் கோல், 6 புள்ளி. பக்கத்து இடைவெளியில் போனால் 1 புள்ளி. உதைத்து வரும் பந்தைக் காற்றிலேயே பிடித்தால் அது மார்க், நின்று நிதானமாக உதைக்கலாம். கையால் எறியக்கூடாது, ஒரு கையில் பந்தை வைத்து மறு கை முஷ்டியால் குத்தித்தான் அனுப்ப வேண்டும், அதுதான் ஹேண்ட்பால். 1989 வரை இது விக்டோரியா லீக், 1990-இல் இருந்து ஏ.எஃப்.எல்., அதாவது ஆஸ்திரேலியன் ஃபுட்பால் லீக். போதும்.

மெல்போர்னுக்கு டிவி வந்ததே 1956 ஒலிம்பிக்ஸை ஒட்டித்தான். 1957-இல் மேட்சை ஒளிபரப்ப ஆரம்பித்தபோதும் கடைசிக் கால் பகுதியைத்தான் காட்டினார்கள். எசென்டன் அணியின் ஜான் கோல்மன் இதற்கெல்லாம் முன்னாலேயே ஆடி முடித்துவிட்டார். 1949-இல் முதல் மேட்சிலேயே 12 கோல், மொத்தம் 98 மேட்சில் 537 கோல், 1954-இல் முழங்கால் போய்விட்டது, அத்தோடு சரி. கோச்சாக வந்து 1962, 1965 கோப்பைகளை வாங்கிக் கொடுத்தார், 1973-இல் 44 வயதில் இறந்தும் போனார். வயதான கோல்மன் நாற்காலியில் சாய்ந்து தன் கதையைச் சொல்லும் பேட்டி என்று ஒன்று இருக்கவே முடியாது. அவரைப் பற்றி மற்றவர்கள் சொன்னதுதான் நமக்கு மிச்சம்.

ரிச்மண்டின் ஜாக் டயர் 1949-இலேயே ஓய்வு பெற்றவர், அவரும் டிவிக்கு முந்தைய ஆள்தான். ஆனால் ஏழாம் சேனலின் வேர்ல்ட் ஆஃப் ஸ்போர்ட், லீக் டீம்ஸ் நிகழ்ச்சிகளில் லூ ரிச்சர்ட்ஸ், பாப் டேவிஸ் இருவரோடும் உட்கார்ந்து வருடக்கணக்கில் பேசினார். மைதானத்தில் எலும்பை உடைக்கிற முரடர் என்று பெயர் வாங்கியவர், டிவியில் வாக்கியத்தைக் குழப்பிக் குழப்பிப் பேசி ஊரையே சிரிக்க வைத்தார். அவர் ஆடி ஒரு தடவைகூடப் பார்க்காத தலைமுறைக்கும் அவர் குரல் மனப்பாடம். டயர் பெரிய ஆட்டக்காரர், 312 மேட்ச் ஆடியவர், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் டயரையும் கோல்மனையும் ஒப்பிட உட்காரும்போது ஒருவரின் குரலும் முகமும் நம் மனதில் ஏற்கெனவே இருக்கிறது, மற்றவருக்கு அது இல்லை. இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டுதான் மற்ற எல்லாப் பேட்டியையும் பார்க்கிறேன்.

எனக்கு மிகவும் பிடித்தவர் ரான் பராஸி. அப்பா 1941-இல் டோப்ருக்கில் போரில் இறந்தார், பையனை மெல்போர்ன் அணியின் கோச் நார்ம் ஸ்மித் தன் வீட்டுப் பின்கட்டில் தங்கவைத்து வளர்த்தார். ஆட்டக்காரராக ஆறு கோப்பை, அப்புறம் 1965-இல் கார்ல்டனுக்குப் போய் ஊரையே அதிரவைத்தது, கோச்சாக நான்கு கோப்பை. பராஸி பேசும்போது தன் சாதனையைச் சொல்கிற தொனியே இருக்காது, வாத்தியார் பாடம் நடத்துகிற மாதிரி இருக்கும். 1970 கிராண்ட் ஃபைனல், அதாவது கோப்பைக்கான கடைசி மேட்ச், அந்தக் கதை வந்தால் நான் எதையும் தள்ளிவிட மாட்டேன். எம்.சி.ஜி. என்ற மெல்போர்ன் கிரிக்கெட் மைதானத்தில் 121,696 பேர், பாதி நேரத்தில் கார்ல்டன் 44 புள்ளி பின்தங்கி நிற்கிறது. பராஸி பையன்களிடம் சொன்னது ஹேண்ட்பால் செய்யுங்கள், ஓடுங்கள், திரும்பவும் ஹேண்ட்பால் செய்யுங்கள் என்பதுதான். பெஞ்சில் இருந்த டெட் ஹாப்கின்ஸை இறக்கினார், அவர் இரண்டாம் பாதியில் நான்கு கோல் போட்டார், கார்ல்டன் 10 புள்ளியில் ஜெயித்தது. அந்த ஹாப்கின்ஸ்தான் பிற்காலத்தில் இந்த ஆட்டத்தின் புள்ளிவிவரங்களை எண்ணித் தொகுக்கும் சாம்பியன் டேட்டா நிறுவனம் உருவாகக் காரணமானவர்களில் ஒருவர். இதை முதலில் அறிந்தபோது எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

அந்த ஹேண்ட்பாலுக்கு ஒரு முன்கதை உண்டு, அது ஜீலாங்கில் ஆடிய போலி ஃபார்மரிடம் போய் நிற்கும். மேற்கு ஆஸ்திரேலியாவின் நூங்கர் பூர்வகுடியில் பிறந்தவர், 1962-இல் ஜீலாங்குக்கு வந்து மறு வருடமே கோப்பை. வேறு வழியில்லாதபோதுதான் ஹேண்ட்பால் என்றிருந்த காலத்தில், கார் விற்கும் இடத்தில் நின்று கார் ஜன்னல் வழியாகப் பந்தைக் குத்தி அனுப்பிப் பயிற்சி செய்தார் என்று அவரோடு இருந்தவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வார்கள். உயரமான ஆள் மேலே எம்பிப் பந்தைப் பிடித்து, கீழே இறங்குவதற்குள்ளேயே ஓடிக்கொண்டிருக்கும் பில்லி காகினுக்குக் குத்தி அனுப்பிவிடுவார். ஃபார்மர் காலத்து ஆட்களின் பேட்டியை முதலில் பார்த்துவிட்டு பராஸியின் 1970 கதைக்கு வந்தால், ஒரு மனிதர் தனியாகப் பழகிய பழக்கம் ஒரு அணியின் உத்தியாகவும் பிறகு ஆட்டத்தின் இயல்பாகவும் ஆனது தெளிவாகத் தெரியும். பேட்டிகளின் உண்மையான பலன் எனக்கு இதுதான், பட்டியலில் யார் முதல் யார் ரெண்டாவது என்பதை விட இது எவ்வளவோ மேல்.

அடுத்து 1989 கிராண்ட் ஃபைனல், ஹாத்தார்னும் ஜீலாங்கும். முதல் பந்து மைதானத்தில் குத்தி எழும்பியதும் ஜீலாங்கின் மார்க் யேட்ஸ் பந்தைப் பார்க்கவே இல்லை, நேராக ஓடிவந்து டெர்மட் பிரெரட்டன் மேல் மோதுகிறார். விலா எலும்பு போய், சிறுநீரகத்தில் அடிபட்டு, பிரெரட்டன் குனிந்து தள்ளாடுகிறார். ஆள் வெளியே போகவில்லை. கொஞ்ச நேரத்தில் அதே உடம்போடு முன்னால் போய் ஒரு மார்க் பிடித்து கோலும் உதைக்கிறார். அவர் அணியின் டிபியர்டொமெனிகோ நுரையீரலில் துளை விழுந்த நிலையில் ஆடினார். ஹாத்தார்ன் 6 புள்ளியில் ஜெயித்தது. ஒவ்வொரு செப்டம்பரிலும் இந்தக் கதை டிவியில் வரும், பிரெரட்டன் வர்ணனையாளராகவே ஆகிவிட்டதால் அடிவாங்கியவர் வாயாலேயே கேட்கலாம், பிரமாதமாகவும் சொல்வார்.

ஆனால் அன்றைக்கு மைதானத்தில் சிறந்த ஆட்டக்காரர் என்று நார்ம் ஸ்மித் பதக்கம் வாங்கியவர் தோற்ற அணியின் கேரி ஏப்லெட், 9 கோல். அவரோ பேட்டி கொடுக்கவே விரும்பாதவர், கேமராவைக் கண்டால் ஒதுங்கிவிடுவார். அதனால் அவர் மேட்ச், மெல்ல மெல்ல, வலியைத் தாங்கிய ஹாத்தார்ன்காரர்களின் மேட்சாக மாறிவிட்டது. சந்தேகம் இருந்தால் பேட்டிகளை மூடிவிட்டு அந்த 9 கோலையும் வரிசையாகப் பாருங்கள்.

டோனி லாக்கெட்டும் இதே ரகம். 1999 ஜூன் 6, சிட்னி மைதானத்தில் 1300-ஆவது கோலை உதைத்து, கார்டன் கோவென்ட்ரி 1937-இல் விட்டுப்போன 1299 என்ற சாதனையை முறியடித்தார், கூட்டம் வேலி தாண்டி உள்ளே ஓடிவந்தது. மொத்தம் 1360 கோல். மைக்கைக் கண்டாலே முகம் சுருங்கும் மனிதர். அவர் காலத்திலேயே ஆடிய இன்னொரு முன்வரிசை வீரர் ஜேசன் டன்ஸ்டல், 1254 கோல், ஓய்வுக்குப் பிறகு வாரா வாரம் டிவியில். இளசுகள் டன்ஸ்டலைச் சொந்த மாமா மாதிரி பேசுவார்கள், லாக்கெட்டைக் கோயில் சிலை மாதிரி. கணக்குப் போட்டால் லாக்கெட் மேட்சுக்கு 4.84 கோல், டன்ஸ்டல் 4.66, இருவரையும் தாண்டி கோல்மன் 5.48, எல்லாருக்கும் மேலே ஹாத்தார்னின் பீட்டர் ஹட்சன், 129 மேட்சில் 727 கோல், 5.64. ஹட்சன் பெயரை இளைஞர்கள் யாரும் முதலில் சொல்லி நான் கேட்டதில்லை. எனக்கு இது வருத்தமாகவே இருக்கிறது.

பேட்டி எடுப்பவரைப் பொறுத்தும் எல்லாம் மாறும். ஓப்பன் மைக் நிகழ்ச்சியில் மைக் ஷீஹன் எதிரே உட்கார்ந்தால், அவர் பல காலம் செய்தித்தாளில் ஃபுட்டி எழுதியவர் என்பதால், பொய்யாக அடக்கம் காட்டி யாரும் தப்ப முடியாது. ஆட்டத்தை ஆட்டமாகப் பேச வைப்பதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை என்பேன். அதே ஷீஹன் 2008-இல், ஆட்டத்தின் 150-ஆவது ஆண்டை ஒட்டி, எல்லாக் காலத்துக்குமான 50 பேர் பட்டியல் போட்டு வெய்ன் கேரியை முதலிடத்தில் வைத்தார், பெரிய சண்டையே நடந்தது. அதே வருடம் கேரி, அரசுத் தொலைக்காட்சியான ஏ.பி.சி.யில் ஆண்ட்ரூ டென்டன் முன்னால் உட்கார்ந்து போதைப்பொருளைப் பற்றியும் தன் நடத்தையைப் பற்றியும் பதில் சொன்னார். டென்டனுக்கு அவர் எத்தனை கோல் போட்டார் என்பது முக்கியமே இல்லை. இரண்டையும் மனதில் வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஆட்டத்தில் அவர் எவ்வளவு உயரம் என்பதை அந்தப் பேட்டி குறைக்கவில்லை, அந்த உயரம் அவர் செய்தவற்றுக்குச் சமாதானமும் ஆகாது.

வருடங்கள் போகப் போக என் பார்வையில் மாறிய ஒன்று, அடிபட்ட கதைகளைக் கேட்கும் விதம். தலையில் வாங்கி நினைவே இல்லாமல் ஆடினேன், மறுநாள்தான் யார் ஜெயித்தார்கள் என்று தெரியும் என்று பழைய ஆட்கள் சொல்ல, ஸ்டூடியோவே சிரிக்கும். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன். ஃபார்மர் 2019-இல் இறந்தபின் அவர் மூளையை ஆராய்ந்ததில் சி.டி.இ. என்ற, தலையில் திரும்பத் திரும்ப அடிபடுவதோடு தொடர்புள்ள மூளைச் சிதைவு நோய் இருந்தது தெரிந்தது, இந்த ஆட்டக்காரர்களில் அது உறுதியான முதல் ஆள் அவர். அதே 2019 செப்டம்பரில் செயின்ட் கில்டாவின் முன்னாள் கேப்டன் டேனி ஃப்ராலி கார் விபத்தில் இறந்தார், அவருக்கும் அதே நோய் இருந்தது பிறகு தெரியவந்தது. ஃப்ராலி டன்ஸ்டலோடு டிவியில் உட்கார்ந்து எல்லாரையும் சிரிக்க வைத்தவர். அந்தப் பழைய வீடியோக்களை இப்போது பார்க்கையில் சிரிப்பும் வருகிறது, தொண்டையும் அடைக்கிறது.

பேசாதவர்கள் எல்லாரும் கூச்சத்தால் பேசாதவர்கள் என்று நினைத்துவிடக் கூடாது. 1993 ஏப்ரல் 17, காலிங்வுட்டின் விக்டோரியா பார்க்கில் நாள் முழுக்க இனவெறி வசவு கேட்ட செயின்ட் கில்டாவின் நிக்கி வின்மார், ஜெயித்ததும் சட்டையைத் தூக்கித் தன் கறுப்புத் தோலைச் சுட்டிக்காட்டினார். எந்தப் பேட்டியும் அந்தப் புகைப்படத்துக்கு ஈடாகாது. வருடத்தின் சிறந்த ஆட்டக்காரருக்கான பிரவுன்லோ பதக்கம் இரண்டு, இரண்டு கோப்பை, 372 மேட்ச் ஆடிய, பூர்வகுடியைச் சேர்ந்த ஆடம் கூட்ஸை 2015-இல் மைதானம் மைதானமாகக் கூச்சல் போட்டே ஓய்வுக்குத் தள்ளினார்கள். அந்த வருடங்களின் டிவி காட்சிகளை மட்டுமே கோர்த்த ஒரு ஆவணப்படம் 2019-இல் வந்தது, புதிதாக ஒரு பேட்டிகூட அதில் கிடையாது. டிவியில் உட்கார்ந்து அவரைப் பற்றி யார் யார் என்னென்ன பேசினார்கள் என்பது அப்படியே வரிசையாக வரும், பார்த்து முடிக்கவே சிரமப்பட்டேன். லீக் மன்னிப்புக் கேட்டது. ஹால் ஆஃப் ஃபேம் கௌரவத்தை 2021-இல் கூட்ஸ் வேண்டாம் என்றார். அவர் பேச வேண்டும் என்று எனக்கு ஆசை இருக்கிறது, ஆனால் கேட்க நமக்கு உரிமை இல்லை.

பார்க்க ஆரம்பிப்பவர்களுக்குச் சில நடைமுறை விஷயங்கள். தானாக வரும் சப்டைட்டிலை நம்பாதீர்கள், பழைய ஆட்களின் உச்சரிப்பில் பாதிப் பெயர்கள் வேறு ஏதோவாகிவிடும். மூன்று நிமிடத் துண்டுகளைத் தவிருங்கள், அழுகிற இடத்தை மட்டும் வெட்டிப் போடுவார்கள், அதற்கு முன் அந்த மனிதர் சொன்ன இருபது நிமிட ஆட்ட நுணுக்கம் போய்விடும். ஒரே மேட்சுக்கு இரண்டு அணிக்காரர்களையும் கேளுங்கள். முதலில் 1970, ஆட்டத்தைப் பார்த்துவிட்டு பராஸி. அப்புறம் 1989, இதில் மட்டும் பேட்டிகளைக் கடைசிக்குத் தள்ளிவையுங்கள்.